பன்னிரண்டு பேர் படகு

நம் படகுப் பேப்பர் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சாருக்குத் தெரியாத படகு ஃபைலே கிடையாது என்று யாரோ உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்களாம். சொன்னவர் என்னோடு ஒருநாளும் வேலை பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால், இந்த மனுஷனுக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார் என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பார்.

எந்தக் காகிதத்தை எங்கே அப்லோட் செய்வது என்பதை நான் எழுதப்போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஓ.டி.பி. வந்தால் நான் பக்கத்து மேஜையைத்தான் கூப்பிட்டேன். நான் எழுதப்போவது ஒரே ஒரு படகைப் பற்றி. என் முதல் படகு அது. அதன் சான்றிதழில் ‘எத்தனை பேர் ஏறலாம்’ என்று ஒரு கட்டம் உண்டல்லவா, அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் நான் பட்ட பாடுதான் இது.

நான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் வளர்ந்த ஏஜென்ட். மைசூரில் ஓடுகிற ஆட்டோ, டெம்போ, லாரி என்று எதற்குப் பேப்பர் வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். தண்ணீருக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் எல்லாம் பஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் பாலத்தில் போகும்போது ஜன்னல் வழியாகக் காவிரியில் ஒரு நாணயம் போட்டுக் கும்பிடுவதுதான். அப்படி இருக்கும்போது, எஞ்சின் வைத்த படகு ஆற்றில் ஓடினாலும் அணை நீரில் ஓடினாலும் மத்திய அரசு சட்டப்படி சர்வே முடித்து, பதிவு செய்து, சான்றிதழ் வாங்கியே ஆகவேண்டும் என்று கெடுபிடி வந்தது. யாரைப் பிடிப்பது என்று படகுக்காரர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த ஒன்றை வைத்துத்தான் தொழிலை ஆரம்பித்தேன்.

முதலில் வந்தவர் பொன்னுசாமி. ஹனூர் பக்கத்துக்காரர். மைசூரில் வருஷக்கணக்காக சென்ட்ரிங் வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து வலது தோள் போய்விட்டது. அதற்கப்புறம் பலகை தூக்க முடியவில்லை. இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பைபர் படகு வாங்கி, கபினி பின்நீர்க் கரையில் ஒரு கிராமத்தில் மனைவி சரசுவோடு குடியேறியிருந்தார். இரண்டு பேருமாக என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

“ஏனுங்க சார், படகுக்கு ஆர்.சி. எடுத்துக் குடுப்பீங்களாமா?” என்றார் பொன்னுசாமி.

“படகா? அதெல்லாம் தினம் பண்றதுதான். உக்காருங்க” என்றேன். அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

“ஆனா பன்னெண்டு பேருக்கு எழுதி வாங்கோணுங்க. பதினொண்ணுன்னாலும் ஆவாதுங்க. அக்கரையில ஒரு ரிசார்ட்டு இருக்குதுங்க. அவங்க வேன் பன்னெண்டு சீட்டு. வேன்ல வர்ற ஆளுக அப்படியே படகுல ஏறோணுமாம். பேப்பர்ல பன்னெண்டுன்னு இருந்தாத்தான் வருஷக் காண்ட்ராக்ட்டுங்க.”

“வேன்ல வர்றவங்க படகுல ஏறி எங்க போவாங்க?”

“ஆனை பாக்கத்தானுங்க. சாயங்காலம் தண்ணி குடிக்கக் கரைக்கு வருமுங்க.”

சரசு குறுக்கே வந்தார். “இவருக்கு இனி சாரத்துல ஏற முடியாதுங்க. இந்தப் படகு ஓடுனாத்தான் உண்டு. பெரிய மக காலேஜ் முடிக்கோணும். பாத்துப் பண்ணிக் குடுங்க.”

“பன்னெண்டு என்னம்மா, பதினஞ்சே வாங்கித் தர்றேன்” என்றேன். ஐம்பது பேர் பஸ்ஸில் தொண்ணூறு பேர் போவதைப் பார்த்தே பிழைத்தவன் நான். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள், என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே எஞ்சினியரிங்.

அடுத்த வாரமே வேலையில் இறங்கினேன். லாரிக்கு என்ன செய்வோமோ அதையே படகுக்கும் செய்தேன். லாரி என்றால் சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். காகிதமும் பென்சிலுமாகக் கபினிக்குப் பஸ் ஏறினேன். கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் குப்புறப் படுத்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் தேய்த்துக்கொண்டே போனேன். சட்டையெல்லாம் பென்சில் கரி. காகிதத்தில் ஒரு கீறலும் விழவில்லை. ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். இவர் ஏதோ ஜோசியம் பார்க்கிறவர் போல இருக்கிறது என்று ஒருவர் இன்னொருவரிடம் கன்னடத்தில் சொன்னது என் காதில் விழுந்தது.

அதோடு விட்டேனா? வண்டி என்றால் புகைச் சான்றிதழ் வேண்டுமே என்று எஞ்சினைக் கழற்றச் சொல்லி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு எமிஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். “கம்ப்யூட்டர் நம்பர் பிளேட் போட்டோ கேட்குது சார். வண்டி எங்க?” என்றார். வண்டி தண்ணீரில் இருக்கிறது என்றேன். அவர் எஞ்சினைத் திருப்பி என் மடியிலேயே வைத்துவிட்டார். இதெல்லாம் தேவையே இல்லை என்று விண்ணப்பத்தை நிதானமாகப் படித்தபோது தெரிந்தது. விண்ணப்பத்தை முதலில் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஏஜென்ட் படித்துக்கொண்டிருந்தால் பார்ட்டிக்கு நம்பிக்கை போய்விடும் என்று நினைக்கிற ரகம் நான்.

ஒரு வழியாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. படகு கட்டியவரின் சான்று, வாங்கிய ரசீது, லைஃப் ஜாக்கெட் எல்லாம் தயார். கடலோரத்திலிருந்து, படகைச் சோதித்துப் பார்க்கிற சர்வேயர் வரவேண்டும். அவர் ஒருவர்தான் எத்தனையோ அணைகளையும் ஏரிகளையும் சுற்றிவர வேண்டும். கடைசியில் ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் வருகிறேன் என்றார். அன்றைக்கு விட்டால் அப்புறம் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ரிசார்ட்காரர்களோ சீசன் தொடங்குகிறது, பேப்பர் எங்கே என்று பொன்னுசாமியைத் தினம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாளெல்லாம் எனக்குச் சனி பிடித்த நாள். சர்வேயும் நடக்கிறது, ஆயுத பூஜையும் வருகிறது, இரண்டையும் சேர்த்து வைத்தால் சர்வேயருக்கும் மனசு குளிரும், சிற்றுண்டியும் கொடுத்த மாதிரி இருக்கும் என்று பொன்னுசாமிக்கு யோசனை சொன்னேன். அவர் ஹனூரிலிருந்து சொந்தக்காரர்களை ஒரு டெம்போ நிறைய வரவழைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது படகின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, செவ்வந்தி மாலை சுற்றி, எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். லாரியாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றலாம். படகுக்கு எங்கே வைப்பது என்று ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. தண்ணீரில் போட்டால் மிதந்து போய்விடுகிறதாம்.

சர்வேயர் ஒல்லியான மனிதர். மங்களூர்ப் பக்கம். அவர் பேசிய கன்னடத்தைத் தமிழில் தருகிறேன். வந்தவர் வாழைக்கன்றைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் பயணிகள் கணக்கிலா, சரக்குக் கணக்கிலா?” என்று கேட்டார். சிரிக்கவில்லை. காபி கொடுத்தேன், வேலை முடியட்டும் என்றார். அலங்காரத்தையெல்லாம் அவிழ்க்கச் சொன்னார்.

சோதனை ஒழுங்காகவே நடந்தது. ஒரு ஆளுக்கு இவ்வளவு எடை என்று கணக்கு வைத்து மணல் மூட்டைகளைப் படகின் தரையில் அடுக்கினார்கள். தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவர் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் மூட்டைகளை ஒரு பக்கமாக நகர்த்திப் பார்த்தார். படகு சாய்ந்தது. ஆனாலும் விளிம்பு தண்ணீருக்கு மேலேயே நின்றது. எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். லைஃப் ஜாக்கெட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். “பன்னிரண்டு தரலாம். ஓட்டுகிறவர் தனி” என்றார்.

பொன்னுசாமி நல்ல தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரசு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஏதோ நானே படகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி ஒரு பெருமை. சர்வேயர் புளியமரத்து நிழலில் நாற்காலி போட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தார். அவர் கைக்குக் கேசரிபாத் போய்ச் சேர்ந்தது.

மூட்டைகளை இறக்கிவிட்டு மறுபடியும் மாலை கட்டினார்கள். பூஜைக்கு நேரமாகிறது என்றார்கள். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். “பன்னெண்டு பேருக்குத்தான பேப்பர் வருது? மொத பூஜையில பன்னெண்டு பேரும் உள்ள உக்காந்தா நல்லது” என்றேன். எல்லாருக்கும் அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பதினொரு பேர் சட்டென்று ஏறிவிட்டார்கள். “ஏஜென்ட் சார், நீங்கதான் பன்னெண்டாவது ஆளு. வாங்க” என்று பொன்னுசாமி கையைப் பிடித்து இழுத்தார். அன்றைக்கு வரைக்கும் நான் எந்தப் படகிலும் ஏறியதில்லை. எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல முடியுமா? கரையோரம் கட்டித்தானே இருக்கிறது, முழங்கால் தண்ணீர்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்தேன்.

சரசு புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் நின்றபடி படகின் முகப்புக்குக் கற்பூரம் காட்டினார். மணி அடித்தது. பூசணிக்காயைக் கரையில் உடைத்தார்கள். எல்லாம் முடிந்து தட்டை எடுத்துக்கொண்டு படகின் இடது பக்கமாக வந்தார், உள்ளே இருக்கிறவர்கள் ஆரத்தி ஒற்றிக்கொள்ளட்டும் என்று.

கற்பூரத் தட்டு வந்தால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அணைந்துவிடும் முன்னால் தொட்டாக வேண்டும். பன்னிரண்டு பேரும் எழுந்தோம். பன்னிரண்டு பேரும் இடது பக்கம் குனிந்தோம். நானும்தான், எல்லாருக்கும் முன்னால் கையை நீட்டிக்கொண்டு.

விளிம்பு தண்ணீருக்குள் போயிற்று. கபினி சாவகாசமாகப் படகுக்குள் வந்தது. எனக்கு அடுத்தபடி நினைவு இருப்பது வாய் நிறையத் தண்ணீர், மூக்கில் செவ்வந்தி. “முழுகறேன், முழுகறேன்” என்று நான் கத்தியதாகச் சொல்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் ஒரு ஆள் முழுக வேண்டுமென்றால் படுத்துக்கொண்டால்தான் முடியும். நான் படுத்துக்கொண்டுதான் இருந்தேன். சரசு ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி மறு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். கற்பூரம் அணையவில்லை. அந்த நிலையிலும் நான் அதைத் தொட்டு ஒற்றிக்கொண்டேனாம்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலைந்து பேர் இடுப்புவரைக்கும் நனைந்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகில் புகுந்த தண்ணீரைக் குடத்தால் இறைத்துக் கொட்டினார்கள். “நல்ல சகுனமுங்க, ஆத்தாளே வந்து ஏறிட்டா” என்றார் ஒரு பெரியவர். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த சர்வேயர், என்ன சத்தம் என்று திரும்பாமலே கேட்டார். “பூஜைங்க சார்” என்றார் பொன்னுசாமி.

நான் சொட்டச் சொட்ட நின்றேன். பொன்னுசாமி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். “சார், இதப் போயி அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவரு வெச்ச சோதனையில பாஸ் ஆயிருச்சு. இது நம்ம வெளையாட்டு.”

“நான் ஏன்யா சொல்றேன்?” என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அறிக்கையில் கையெழுத்து வாங்கப் புளியமரத்தடிக்குப் போனேன். அந்த நாற்பது ஐம்பது தப்படி நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னைப் பெரிய நேர்மையாளன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சர்வேயர் என்னை மேலும் கீழும் பார்த்து, எப்படி நனைந்தீர்கள் என்று கேட்டபோது, கால் வழுக்கிவிட்டது என்று பளிச்சென்று பொய் சொன்னவன் நான். அவர் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். ‘ஏறக்கூடியவர்கள்’ என்ற கட்டத்துக்குப் பேனா போய்க்கொண்டிருந்தது.

அப்போது பார்த்து எனக்கு ஆனை ஞாபகம் வந்தது. ரிசார்ட் வேனில் வருகிறவர்கள் கற்பூரத்துக்கு எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் கரையில் ஒரு யானை வந்து நின்றால்? பன்னிரண்டு பேரும் போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் எழுந்து நிற்பார்கள். அங்கே தண்ணீர் முழங்காலளவு இருக்காது. காலரைப் பிடித்துத் தூக்கச் சரசுவும் இருக்க மாட்டார். என் வாயில் இன்னும் அந்தத் தண்ணீரின் ருசி இருந்தது. பயமாக இருந்தது, அவ்வளவுதான். தர்ம நியாயமெல்லாம் அப்புறம் வீட்டுக்குப் போய் யோசித்தது.

“சார், கால் வழுக்கலை. படகு சாஞ்சுது” என்றேன்.

பேனா நின்றது. நான் நடந்ததைச் சொன்னேன். எங்கள் பொய்யையும் சேர்த்தே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைப் படகுப் பக்கம் திருப்பிப் போட்டார். “மூட்டை எழுந்து நிற்காது” என்றார் தனக்குத்தானே. பிறகு என்னிடம், “கற்பூரம் மிச்சம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

இந்தத் தொழிலில் அப்படி ஒரு சோதனை வேறு எங்காவது நடந்திருக்குமா, எனக்குத் தெரியாது. சர்வேயர் பேண்டைச் சுருட்டிக்கொண்டு ஸ்கேலோடு தண்ணீரில் இறங்கினார். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொன்னார். பன்னிரண்டு பேரை மறுபடி ஏற்றி, சரசுவைத் தட்டோடு பக்கவாட்டில் வரச் சொன்னார். எல்லாரும் பக்தியோடு எழுந்து குனிந்தார்கள், தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டு பேரை இறக்கினார். புதுக் கற்பூரம், மறுபடி ஆரத்தி. பத்து பேருக்கு விளிம்பும் தண்ணீரும் ஒன்றாக நின்றன. இன்னும் இரண்டு பேரை இறக்கினார். எட்டு பேர் எழுந்து குனிந்தபோது படகு சாய்ந்து, நின்று, நிமிர்ந்தது. நடுவே நாலு விரல் இடம் இருந்தது. மறு பக்கமும் அப்படியே குனியச் சொல்லிப் பார்த்தார். சகுனம் சொன்ன பெரியவருக்கு மட்டும் இத்தனை ஆரத்தி ஒரே நாளில் கிடைத்ததில் பரம திருப்தி.

“எட்டு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் என் காபியைக் குடித்தார்.

பொன்னுசாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “பன்னெண்டு வாங்கித் தர்றேன்னு தானுங்களே சொன்னீங்க? பதினஞ்சேன்னீங்க. நீங்க நனைஞ்சதுக்கு என்ற பொழப்பையே நனைச்சுப்போட்டீங்களே சார்” என்றார். சொல்லிவிட்டுப் படகிலிருந்த மாலைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். வலது கை மேலே எழாததால் இடது கையாலேயே அவிழ்த்தார்.

சரசு துண்டும் பொன்னுசாமியின் உலர்ந்த வேட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். “அவரு இன்னும் கொஞ்ச நாள் இப்படித்தானுங்க இருப்பாரு. மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். போகத் திரும்பியவர் நின்று, “தண்ணி உள்ள வந்தப்ப என்ற பெரிய மகதானுங்க ஓரத்துல இருந்தா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் மைசூர் வந்து சேர்ந்தேன். ஊரெல்லாம் தசரா விளக்கு. வீட்டில் என் மனைவி வேட்டியைப் பார்த்துவிட்டு, “பேண்ட் போட்டுக்கிட்டுப் போனீங்க, இது யாரோட வேட்டி?” என்று கேட்டாள். முழுக் கதையும் கேட்டுவிட்டு, “ஊர்ல இருக்கற ஏஜென்டெல்லாம் பார்ட்டிக்குக் காரியம் முடிச்சுக் குடுப்பாங்க. நீங்க பார்ட்டியையே முடிச்சுட்டு வர்றீங்க” என்றாள்.

காண்ட்ராக்ட் கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் ரிசார்ட் முதலாளி மனம் மாறி ஓடி வருவார். இவர்கள் வரவில்லை. வேறு ஊரிலிருந்து பெரிய படகு ஒன்றை வரவழைத்துக்கொண்டார்கள். பொன்னுசாமி அக்கரைக் கிராமத்து ஆட்களையும், பறவை பார்க்க வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு எட்டு எட்டாக ஓட்டினார். சிரமம்தான் என்று கேள்விப்பட்டேன். நான் போன் செய்தால் எடுக்க மாட்டார். வேட்டியைத் துவைத்து மடித்துக் கூரியரில் அனுப்பினேன். வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ படகு ஃபைல் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அந்தக் கட்டம் வரும்போது, நான் சரியாகச் செய்தேனா, பயந்து செய்தேனா என்று கேட்டுக்கொள்வேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. மணல் மூட்டைக்குப் பக்தியும் கிடையாது, போனும் கிடையாது. நீங்கள் எழுதுகிற எண்ணிக்கையில் உட்காரப்போவது மூட்டைகள் அல்ல. அதனால் கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரு தடவை அந்தப் படகில் ஏறி உட்காருங்கள். நீச்சல் தெரியாதவராக இருந்தால் இன்னும் விசேஷம்.

நான் ரிட்டயர் ஆன பிறகு வந்த கோடையில், “ஊர்ப் படகுக்கெல்லாம் பேப்பர் போட்டீங்க, எங்கள ஒரு தடவையாவது ஏத்தினீங்களா?” என்று வீட்டில் ஆரம்பித்தார்கள். மகன் போனில் ஏதோ ஒரு படகுக்குச் சொல்லி வைத்தான். யாருடையது என்று நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கபினிக் கரையில் வேனிலிருந்து இறங்கிப் பார்த்தால், அதே புளியமரம். படகின் பக்கத்தில் பதிவு எண்ணும், அதற்குக் கீழே கன்னடத்திலும் தமிழிலும் பெரிதாக ‘எட்டு பேர் மட்டும்’ என்றும் பெயின்ட் அடித்திருந்தது. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘ஆரத்தி கரையிலேயே’ என்று இருந்தது.

பொன்னுசாமி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. சிரிக்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டை ஒவ்வொருவராக மாட்டிவிட்டு ஏற்றினார். மனைவி, மகன், மருமகள், அவர்கள் குழந்தை, மகள், மாப்பிள்ளை, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். நான் கடைசியாகக் காலை வைக்கப் போனேன். அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

“எட்டு ஆச்சுங்க.”

“எட்டா? கைக்குழந்தை ஒண்ணு இருக்கே பொன்னுசாமி. அது மடியில” என்றேன். டெம்போவில் மடிக்குழந்தைக்குக் கணக்கே கிடையாது.

“கொழந்தையும் ஆளுதானுங்க.”

“என்னைத் தெரியலையா? இந்தப் படகுக்குப் பேப்பர் போட்டவனே நான்தான்பா.”

“தெரிஞ்சுதானுங்க சொல்றேன்” என்றார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். என் குடும்பமே படகிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. என் மனைவிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

நான் ஏழு ஜோடிச் செருப்புக்குக் காவலாகக் கரையில் நின்றேன். படகு எதிர்க்கரைக்குப் பக்கத்தில் போய் மெதுவாக நின்றது. அங்கே மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு ஒரு பெண் யானையும் குட்டியும் தண்ணீருக்கு வந்தன. நான் நினைத்த மாதிரியே நடந்தது. உட்காருங்கள் என்று பொன்னுசாமி கத்துவதற்குள் என் வீட்டு ஜனம் அத்தனையும் எழுந்து வலது பக்கம் சாய்ந்தது. மருமகள் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக நின்றாள். படகு சாய்ந்தது. கரையிலிருந்து விளிம்பு தெரிந்தது, அதற்குக் கீழே வெயில் பட்ட தண்ணீர் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போல இடம் தெரிந்தது. படகு அப்படியே நின்று, அப்புறம் நிமிர்ந்தது. நான் செருப்புகளுக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் திரும்பி வந்து, யானைக் கதையைப் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். என் கண்ணெல்லாம் ஈரம். கொசு என்று சொல்லிவிட்டேன். பொன்னுசாமி எஞ்சினை அணைக்கவில்லை. ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“ஏறுங்க சார். இன்னிக்குக் கற்பூரம் இல்லைங்க.”

நான் ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.